சாயங்காலம் ஏற்றிய கார்

கார் ஒரு கோடையில் வந்து இறங்கியது. அதன் நிழல் மறு வருஷம் வேறொரு கப்பலில் வந்தது. இரண்டுக்கும் இடையில் கர்ட்டன்காரம்மா சுங்க அலுவலகப் படியை ஏறி இறங்கியதில் எத்தனை ஜோடிச் செருப்பு தேய்ந்தது என்பது பற்றி எங்கள் கடைத்தெருவில் இன்னும் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். செருப்பு விஷயத்தை அவர்களிடமே விட்டுவிடலாம். மற்றதெல்லாம் நடந்தபடியே இங்கே இருக்கிறது.

கர்ட்டன்காரம்மா என்பவர் கடைத்தெரு முனையில் சின்னக் கடை வைத்து, வீடுகளின் ஜன்னலுக்கும் கதவுக்கும் கர்ட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்தத் தொழிலை அவர் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை, மகளுக்காகக் கற்றுக்கொண்டார். மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வெயில் ஆகாது. கையில் கொஞ்ச நேரம் வெயில் பட்டால் போதும், தோல் சிவந்து கொப்புளம் கட்டி, ஒரு வாரம் படுக்கையில் தள்ளிவிடும். டாக்டர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொல்லி, ஒரு களிம்பையும் எழுதிக் கொடுத்து, வெயிலில் விடாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கணவர், மகளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்த வயதிலேயே காலமாகிவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டு ஜன்னல்களில் ஒன்றுக்கு இரண்டாகக் கர்ட்டன் தொங்கியது. மகள் டியூப்லைட் வெளிச்சத்தில் படித்து, வீட்டிலிருந்தே எழுதக்கூடிய பரீட்சைகளையெல்லாம் எழுதித் தேறினாள். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வருவாள். எங்கள் கடைத்தெருவில் பாதிக் கடைகளை அவள் இறக்கிவிட்ட ஷட்டர்களாகத்தான் பார்த்திருக்கிறாள். பூக்கடையில் என்ன விற்கிறார்கள் என்று அவளைக் கேட்டால், ஈரமான வாளி என்று சொல்லியிருப்பாள்.

இப்படி இருக்கும்போது பெரிய சாலையில் இருக்கும் வங்கியில் லாக்கர் அறைக்கு ஆள் தேடினார்கள். அது தரைக்குக் கீழே இருந்தது, ஒரு ஜன்னல் கிடையாது. நகையும் பத்திரமும் வைக்க வருகிறவர்களுக்கு இரட்டைச் சாவியில் ஒன்றைத் திருகிக் கொடுப்பதுதான் வேலை. அங்கே சேர்ந்தவர் யாரும் ஒரு மாசம் நிலைப்பதில்லை. மூச்சு முட்டுகிறது, மழை பெய்கிறதா வெயிலடிக்கிறதா என்று தெரியவில்லை, பைத்தியம் பிடிக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். விஷயம் மகள் காதுக்கு எட்டியபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். உலகத்தில் தனக்கென்று கட்டியதுபோல் ஒரு அறை இருக்கிறது, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். மேனேஜருக்கும் சந்தோஷம்தான். ஒரே சிக்கல், வங்கி திறப்பதும் மூடுவதும் பட்டப்பகலில்.

வீட்டுக்கும் வங்கிக்கும் நடுவே இருந்த அந்த வெயிலைக் கடக்க அம்மாவும் மகளும் படாத பாடு பட்டார்கள். குடையும் போர்வையுமாக ஒரு நாள் ஆட்டோவில் போய், மணிக்கட்டு வீங்கித் திரும்பி வந்தாள் மகள். வாடகைக் கார் ஒன்றுக்குச் சுற்றிவரக் கர்ட்டன் தைத்துப் போட்டார் அம்மா, அந்தக் கடையிலேயே நல்ல துணியில். காரின் ஜன்னலை மறைக்கக் கூடாது என்பது சட்டம். போலீஸ்காரர் நடுரோட்டில் நிறுத்தி எல்லாவற்றையும் கிழித்துவிட்டார். ஊருக்கெல்லாம் வெயில் மறைத்துக் கொடுக்கிறவள் என் பெண்ணுக்கு ஒரு ஜன்னலை மறைக்கக் கூடாதா என்று கர்ட்டன்காரம்மா அந்தப் போலீஸ்காரரிடம் கேட்டதாகவும், அவர் தன் வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்க எப்போது வருவீர்கள் என்று திருப்பிக் கேட்டதாகவும் சொல்வார்கள்.

அப்போதுதான் கர்ட்டன்காரம்மாவின் தம்பி போன் செய்தான். அவன் கடல் கடந்து போய், பழைய கார்களை ஏலம் விடும் மைதானம் ஒன்றில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். "அக்கா, இங்க ஒரு வண்டி வந்திருக்கு. கண்ணாடியே வேற மாதிரிக்கா. பளிச்சுன்னு வெளிய தெரியுது, ஆனா வெயில்ல நின்ன வண்டிக்குள்ள கைய வச்சேன், சுடவே இல்ல. பாப்பாவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றான். பாப்பாவுக்கு அப்போது கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது, ஆனால் மாமனுக்கு அவள் பாப்பாதான். அந்த மாதிரிக் கண்ணாடி போட்ட கார் எங்கள் பக்கம் விற்பனைக்கு வருவதில்லை. புதிதாக வரவழைப்பது பெரிய மனிதர்கள் செய்கிற காரியம். பழையதென்றால் முட்டி மோதி வாங்கிவிடலாம். கர்ட்டன்காரம்மா நகையை விற்றார், தம்பி ஏலத்தில் கையைத் தூக்கினான், வண்டி அவர்களுடையதாயிற்று. நீல நிறம், பின் கதவில் ஒரு சொட்டை, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

இதில் ஒரு சட்டம் குறுக்கே நின்றது. குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட காரை வெளியிலிருந்து கொண்டுவர விடமாட்டார்கள், அந்த வயதைக் கப்பலில் ஏற்றும் நாளை வைத்துக் கணக்கிடுவார்கள். தம்பி காகிதங்களைத் திரட்டி அந்த ஊர்த் துறைமுகத்துக்கு ஓட்டிப் போன நாள், வண்டிக்கு அந்த வயது முடிகிற நாள். கப்பலும் நின்றது, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தத் துறைமுகத்தில் கார்களை நண்பகலில் மட்டுமே ஏற்றுவார்கள். நிழல் வண்டிக்கடியில் அடங்கிக் கிடக்கும் நேரத்தில் ஏற்றினால்தான் எல்லாம் சேர்ந்து ஏறும் என்பது அங்கே வேலை செய்கிறவர்களின் வழக்கம். நாளை ஏற்றலாம் என்றார்கள். தம்பி அக்காவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னான்.

"அவங்க வழக்கத்தை வச்சு நான் என்னடா பண்றது? நாளைக்கு ஏத்தினா வண்டிக்கு வயசு தாண்டிடும், இங்க இறக்கவே விடமாட்டாங்க. கால்ல விழுந்தாவது இன்னைக்கே ஏத்து" என்றார் அக்கா.

தம்பி யார் காலில் விழுந்தான் என்று தெரியாது. வண்டி ஏறியது. சூரியன் தண்ணீரைத் தொடுகிற உயரத்தில் நின்றது. காரின் நிழல் துறைமுகத் தளத்தைத் தாண்டி எதிரேயிருந்த கிடங்கின் சுவர்வரை நீண்டு கிடந்தது. கார் கப்பலுக்குள் போனது, பின்னாலேயே சாய்தளத்தைத் தூக்கினார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை.

கார் இங்கே வந்து இறங்கிய செய்தி கேட்டு கர்ட்டன்காரம்மா கடைக்கு லீவு விட்டுவிட்டுத் துறைமுகத்து யார்டுக்குப் போனார். கூட வந்தவர், சுங்கக் காகித வேலைகளை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட். அவரை எல்லோரும் நாளைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அது ஒன்றுதான். ஆள் கெட்டவரில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைக்காதவர். நாளைக்கு என்பதில் அவருக்கு உண்மையாகவே நம்பிக்கை இருந்தது, அதுதான் தொல்லை. யார்டில் வரிசையாகக் கார்கள் நின்றன. எல்லாக் கார்களுக்கு அடியிலும் புல் வெளுத்துக் கிடந்தது, நீலக் காருக்கு அடியில் மட்டும் பச்சைப்பசேலென்று வளர்ந்து பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கர்ட்டன்காரம்மா வெளிச்சத்தை அளந்தே சோறு தின்றவர். அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. கதவைத் திறந்து இருக்கையில் கை வைத்தார். கூரை இல்லாததுபோல் வெயில் இருக்கைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இருந்தது, கூரை இருந்தது, பெயிண்ட்கூட உரியவில்லை. நிழல் மட்டும் இல்லை.

"இது சகஜம்மா. சில வண்டிக்கு ஸ்டெப்னி வராது, சில வண்டிக்கு ஜாக் வராது. உங்களுக்கு நிழல் வரல" என்றார் நாளைக்கு.

"நிழலில்லாத வண்டிய வச்சு நான் என்ன பண்றது? வெறும் கட்டில வாங்கி நடு வெயில்ல போட்ட மாதிரி இருக்கே!"

"எழுதிப் போடலாம்மா. நாளைக்கு."

இருக்கிறபடி எடுத்துப் போவதென்றால் அன்றைக்கே ஓட்டிப் போகலாம் என்றார்கள் சுங்கத்துறையில். ஆனால் வண்டியை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு நிழல் வந்தால் அது வேறு வண்டியின் நிழலாகத்தான் கருதப்படும், அதற்கு வேறு வண்டியைக் காட்ட வேண்டும். கர்ட்டன்காரம்மா கையெழுத்துப் போடவில்லை. கார் யார்டிலேயே நின்றது. நின்ற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறியது. வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது மகள் உள்ளே போய், வங்கிக்குப் போட்டுக்கொண்டு போவதற்கென்று தைத்து வைத்திருந்த உடையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அம்மாவுக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. தானே அவசரப்படுத்தியதுதானே என்ற நினைப்பு வேறு தின்றது.

தம்பி அந்தத் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தான். நிழல் விட்ட இடத்திலேயே கிடந்தது. கூலியாட்கள் அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாய் அதை நிரந்தர முகவரியாக வைத்துக்கொண்டிருந்தது. தளத்தை ஆக்கிரமித்ததற்காகத் துறைமுகத்துக்காரர்கள் தம்பி பெயரில் அபராதம் எழுதி வைத்திருந்தார்கள். அதையும் கட்டினான். எப்படி எடுப்பது என்பது அடுத்த கேள்வி. அக்கா போனில் சொல்லச் சொல்ல அவன் செய்தான். "மடிக்காத, மடிச்சா கோடு விழும், பிறகு எத்தனை தேய்ச்சாலும் போகாது. ஒரு நீளக் குழாய எடுத்துக்கோ. ஓரத்துலேர்ந்து சுருட்டு. இழுக்காத, அது போக்குலயே வரும்." கனமான கர்ட்டன் துணியைச் சுருட்டுவதும் இதுவும் ஒன்றுதான் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. சுருட்டியதைக் கிடங்குக்குள் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்து மூடித் திறந்து பார்த்தால் பெட்டி காலியாக இருந்தது. இருட்டில் நிழல் நிற்பதில்லை. வெளியே கொண்டுவந்ததும் மறுபடி தெரிந்தது. வழியில் யாரும் காலிப் பெட்டி என்று நினைத்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எரிகிற விளக்கை ஏற்றமாட்டோம் என்று ஒரு கப்பல் கம்பெனி சொன்னது. பேட்டரி விளக்கென்றால் யோசிக்கலாம் என்று இன்னொன்று சொன்னது. அது யோசித்து முடிக்க மழைக்காலம் முடிந்துவிட்டது.

பெட்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டேன் என்று தம்பி சொன்ன வாரம் கர்ட்டன்காரம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். அந்த வயதில் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொள்வது தையல் மிஷின் மிதிப்பதுபோல்தான் என்று எல்லோரிடமும் சொன்னார், ஒரு தண்ணீர்க் குழாயையும் ஒரு கோழிக் கூண்டையும் இடித்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். லைசென்ஸ் வந்தது. பெட்டி வரவில்லை. அது வேறொரு துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் கிளம்பி, யாருக்கும் தெரியாத இடத்தில் சில வாரம் தங்கி வந்தது. இதற்குள் வங்கி லாக்கர் அறைக்கு ஆள் வருவதும் ஓடுவதுமாக இருந்தது. புதிதாக ஒருவர் சேர்ந்தார் என்று கேள்விப்படும்போதெல்லாம் மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். அவர் ஓடிவிட்டார் என்றால் இரண்டு வாய் அதிகம் சாப்பிடுவாள். அடுத்தவன் பிழைப்பு போனதற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஒரு தடவை சேர்ந்த ஆள், இருட்டு வீட்டில் வளர்ந்தவர்போல, மாசக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த மாசங்களில் அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசியதாகத் தெரியவில்லை. கடைசியில் அவரும் கிளம்பிப் போய் மலைமேல் ஒரு தோட்டத்தில் காவல்காரராகச் சேர்ந்தார்.

பெட்டி வந்தபோது பேட்டரி செத்திருந்தது. உதிரிபாகங்களுக்கான கொட்டகைக்குள் வைத்து அதைத் திறந்த ஊழியர், ஒரு குழாயைத் தவிர ஒன்றுமில்லை, காலிப் பெட்டி என்று எழுதிவிட்டார். எழுதியது எழுதியதுதான். கர்ட்டன்காரம்மா கொட்டகை வாசலில் படுத்துவிட்டார். உருவகமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே புடவை முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார். "வெளிய எடுத்துட்டு வந்து வெயில்ல வச்சு ஒரே ஒரு தடவை பாருங்க. இல்லன்னா நான் இங்கேயே கிடக்கேன், எனக்கும் சேர்த்து வாடகை போடுங்க" என்றார். அவரைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் வேறு வழியில்லாமல் பெட்டியை வெளியே தூக்கி வந்தார்கள். வெயில் பட்டதும் குழாயிலிருந்து நிழல் அவிழ்ந்து சிமெண்டுத் தரையில் கொட்டியது. பக்கத்தில் நின்ற பூனை ஒன்று தாமதிக்காமல் அதில் போய்ப் படுத்தது. காலி என்று எழுதியதை அடித்துத் திருத்த இன்னும் ஒரு மாசம் ஆயிற்று.

பிறகு வரி. உதிரிபாகங்களுக்கு அளவைப் பொறுத்து வரி போடுவது வழக்கம், அதற்கு மதிப்பீட்டு அதிகாரி ஒருவர் இருந்தார். காலையில் வந்து டேப்பைப் பிடித்தார். நிழல் கொட்டகையிலிருந்து கொடிக்கம்பம் தாண்டிப் போயிருந்தது. போட்ட வரியைக் கேட்டு ஏஜென்ட்கூட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கர்ட்டன்காரம்மா விடவில்லை.

"சார், காலைல அளந்தா எல்லா நிழலும் நீளமாத்தான் சார் இருக்கும். உங்க நிழலையே பாருங்க, கேட்டுக்கு வெளிய போயிருக்கு. மத்தியானம் அளங்க, காருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும்."

"மத்தியானம் சாப்பாட்டு நேரம்மா."

"சாப்பிட்டு வந்து அளங்க."

"சாப்பிட்டு வர்றதுக்குள்ள மறுபடி நீண்டுடுமே."

இதில் அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சர்க்கரை வியாதி. பன்னிரண்டு அடித்தால் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கும், கை நடுங்கினால் டேப் நடுங்கும். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். அளப்பதை அலுவலக நேரத்தில்தான் அளக்க வேண்டும், சாப்பாட்டு நேரம் அலுவலக நேரமல்ல என்று பதில் வந்தது. நிழலைச் சுருட்டிக் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். கர்ட்டன்காரம்மா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து மதிப்பீட்டு அதிகாரியின் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே போட்டு உட்கார ஆரம்பித்தார். அதிகாரி டப்பாவைத் திறக்கும்போது பார்ப்பார், மூடும்போது பார்ப்பார். கடையில் தைக்க வேண்டிய துணிகள் மலைபோல் குவிந்தன. வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். மகள் வீட்டில் இருந்தபடியே பாதித் துணிகளைத் தைத்து முடித்தாள், எங்கள் தெருவில் சில ஜன்னல்களில் இன்றும் அவள் தைத்தவைதான் தொங்குகின்றன. அதிகாரிக்குச் சோறு இறங்காமல் போயிற்று. கடைசியில் ஒரு நாள் பதினொரு மணிக்கே வேகவேகமாகச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, இன்னைக்கு முடிச்சிடலாம்" என்று டேப்போடு வெளியே வந்தார்.

பெட்டியைத் தூக்கி வந்தார்கள். உச்சிவெயில். அதிகாரியின் நிழல் அவர் செருப்புக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. கொடிக்கம்பத்தின் நிழல் ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. காரின் நிழல் மட்டும், அவிழ்த்த மாத்திரத்தில், கொட்டகையிலிருந்து கொடிக்கம்பம் தாண்டி, முன்பு காலையில் அளந்தபோது எங்கே போனதோ அங்கேயே போய் நின்றது. ஒரு விரல்கூடக் குறையவில்லை. மறுபடியும் அளந்தார்கள். பிறகு கர்ட்டன்காரம்மாவே டேப்பைப் பிடுங்கி அளந்தார். தம்பிக்குப் போன் போட்டார்கள். அவன் சொன்னான்: "சாயங்காலம் வெட்டுப்பட்டதுக்கா. அந்த நீளத்துலயே நின்னுடுச்சு போல."

அந்த அம்மாள் அழுது அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. புருஷன் செத்தபோதுகூட அடுத்த நாள் மிஷினில் உட்கார்ந்தவர். அன்றைக்கு யார்டின் நடுவில் நின்று, யாரைத் திட்டுவதென்று தெரியாமல் சூரியனைத் திட்டினார், கப்பலைத் திட்டினார், இன்னைக்கே ஏத்து என்று சொன்ன தன் வாயைத் திட்டினார். நடையாக நடந்து கேட்டு வாங்கிய நண்பகல் அது. அதற்குப் பயன் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதிகாரிக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. முழு நீளத்துக்கும் வரி எழுதும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடையில் இருந்த இரண்டு மிஷின்களில் நல்லதை விற்று அந்த அம்மாள் அதைக் கட்டினார்.

கொட்டகையிலிருந்த நிழலை யார்டிலிருந்த காரிடம் கொண்டுபோக நடுவிலிருந்த கதவைத் திறக்க வேண்டும், அந்தக் கதவு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதில் ஒரு தகராறு இருந்தது. அது எப்படித் தீர்ந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கோபம் வரும், அதனால் எழுதவில்லை. தீர்ந்தது. நிழலைத் தரையில் விரித்தார்கள், காரைப் பின்னால் தள்ளி அதன்மேல் ஏற்றினார்கள். சக்கரம் பட்டதும் அது பிடித்துக்கொண்டது. கர்ட்டன்காரம்மா இருக்கையில் கை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. நம்பர் பிளேட் எப்போது வரும் என்று கேட்டதற்கு ஏஜென்ட் தன் பெயரையே பதிலாகச் சொன்னார். தற்காலிக நம்பரை ஒட்டிக்கொண்டு அந்த அம்மாள் கிளம்பிவிட்டார். வழியெல்லாம் நிழல் பக்கவாட்டில் நீண்டு, கடைகளின் சுவர்களில் ஏறி இறங்கி, எதிரே வந்த சைக்கிள்காரர்களைத் திடுக்கிட வைத்தது. நீளமாக இருந்து யாருக்கு என்ன லாபம், வரிதான் அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

மறுநாள் வங்கியிலிருந்து ஆள் வந்து, லாக்கர் அறைக்குப் புதிதாகச் சேர்ந்தவரும் ஓடிவிட்டார், இந்த முறை தலைமை அலுவலகம் அந்த அறையையே மூடிவிடலாம் என்கிறது, மகள் வருவதென்றால் இன்று நண்பகலுக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னார். மகள் அடித்தட்டிலிருந்து அந்த உடையை எடுத்தாள். இடுப்பில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. முன்கதவை ஒட்டிக் காரை நிறுத்தி, கதவுக்கும் காருக்கும் நடுவே இரட்டைக் கர்ட்டனைப் பிடித்து அவளை ஏற்றினார் அம்மா. கார் கண்ணாடி வழியாகக் கடைத்தெருவைப் பார்த்தபடி வந்தாள் மகள். ஷட்டர்கள் எல்லாம் தூக்கியிருந்தன. பூக்கடைக்காரரின் வாளிகளில் இத்தனை நிறம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மூச்சுவிடாமல் பார்த்தாள்.

வங்கி வாசலில் நிறுத்த இடமில்லை. இடமில்லை என்பது மட்டுமல்ல, நிறுத்தக் கூடாது என்று பலகையே வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் விசிலடித்துக் கையை வீசினார். கர்ட்டன்காரம்மா ஒரு சுற்று சுற்றி வந்தார், இன்னொரு சுற்று வந்தார், கெஞ்சினார், கத்தினார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் சாலையின் எதிர்ப்பக்கத்தில், ஒரு பெயிண்ட் கடையின் சுவரோரம் கிடைத்த சந்தில் காரைச் செருகினார். அந்தப் பெரிய சாலையில் ஒரு மரம் கிடையாது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே தார் உருகிக்கொண்டிருந்தது.

"ஓடிப் போயிடறேன்மா. கொப்புளம் வந்தா வரட்டும், ஒரு வாரந்தானே" என்றாள் மகள்.

"ஒரு வாரம் படுத்துக்கிட்டா வேலைக்கு யாருடி போறது?" அம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் யோசிச்சேன். கண்ணாடிய யோசிச்சேன், கப்பல யோசிச்சேன், அந்தச் சர்க்கரை வியாதிக்காரர் எப்ப சாப்பிடுவார்னுகூட யோசிச்சேன். ரோட்டைத் தாண்டறத யோசிக்கலையேடி."

மகள் பக்கத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு அம்மா பதறி நிமிர்ந்தார். மகள் ஒரு காலைக் கீழே வைத்திருந்தாள். அவள் பாதம் இருந்த இடம் இருட்டாக இருந்தது. அங்கிருந்து காரின் நிழல், அகலம் குறையாமல், சாலையின் குறுக்கே படுத்து, நடுக்கோட்டைத் தாண்டி, எதிர்க்கரையின் நடைபாதையில் ஏறி, வங்கியின் படிகளில் ஒவ்வொன்றாக மடிந்து மடிந்து, கதவுவரை போயிருந்தது. மற்ற வண்டிகளின் நிழல்களெல்லாம் சக்கரத்துக்கடியில் கிடந்த உச்சிவேளையில், முழு வரி கட்டிய அந்தச் சாயங்காலம் மட்டும் அங்கே இருந்தது.

மகள் இறங்கினாள். கையில் ஒரு பையும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன, குடை இல்லை, போர்வை இல்லை. நிழல்மேலேயே நடந்தாள். லாரிகள் நின்றன. அவற்றுக்கு என்ன விஷயமென்று புரியவில்லை, ஒரு பெண் இவ்வளவு நிதானமாகச் சாலையைக் கடந்தால் நிறுத்தத்தான் வேண்டும் என்று மட்டும் தோன்றியிருக்கிறது. நடுச்சாலையில் அவள் நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் வெயில் கையெட்டும் தூரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி, பிறந்ததிலிருந்து பார்க்காத நண்பகல் வானத்தைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் பார்த்தாள். ஹாரன் அடித்தது. அடித்தது லாரியல்ல, அம்மா. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, "போடி, பன்னிரண்டு அடிச்சிடப் போவுது!" என்று கத்திவிட்டு, மறுபடியும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, யாரும் பார்க்காதபடி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. மகள்தான் இப்போது லாக்கர் அறைக்குப் பொறுப்பு. தினமும் காலையில் அம்மா காரை அந்தச் சுவரோரம் நிறுத்திவிட்டுக் கடைக்கு நடந்தே போகிறார், சாயங்காலம் வந்து எடுக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் மகள் மேலே வந்து படிகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வாட்ச்மேன் தன் நாற்காலியை நிழலுக்குள் நகர்த்திக்கொண்டார், இப்போது விசிலடிப்பதில்லை. பெயிண்ட் கடைக்காரர் அந்த இடத்தில் வேறு யாரையும் வண்டி நிறுத்த விடுவதில்லை. நகராட்சிக்காரர்கள் அந்தப் பக்கம் சாலையைக் கடக்கக் கோடு போட வந்தபோது, அளவெடுக்கும் சிரமம் இல்லாமல், நிழலின் ஓரத்தை ஒட்டியே வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். நம்பர் பிளேட் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வங்கிக்கு விடுமுறை, கார் வருவதில்லை. அன்றைக்கு மட்டும் அங்கே சாலையைக் கடக்கிறவர்கள், என்ன இது, கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா என்று அந்த அம்மாளைக் குறை சொல்லிக்கொண்டே வெயிலில் ஓடுகிறார்கள்.